ஈரச் சாக்கு

என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் ஒன்பது வருஷமாகத் தீ மிதிக்கிறவர். வைகாசி மாதம் அவர் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, மஞ்சள் வேட்டியோடு, மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் மாதிரி தீக்குழியில் நிதானமாக நடந்து போவார். காலில் ஒரு கொப்புளம் கிடையாது. மஞ்சக்குப்பம் ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்குப் பேரே தீமிதி. அப்பேர்ப்பட்ட மனிதர் கேஸ் அடுப்பைக் கண்டு நடுங்கினார் என்று சொன்னால் ஸ்டாண்டில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். எனக்கு வேறு வழியில்லை, நான் கூடவே குடித்தனம் நடத்துகிறவள்.

2008 ஆவணியில் எங்கள் தெருவுக்கு அரசாங்கத்தின் இலவச கேஸ் அடுப்பு வந்தது. அதே மாதம்தான் எனக்கு வேலையும் கிடைத்தது. கல்யாணத்துக்கு அப்புறம் தபாலில் எம்.ஏ. தமிழ் படித்து, பி.எட். முடித்து, சர்டிபிகேட்டுகளை நாலு வருஷம் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராகக் கூப்பிட்டார்கள். எட்டே முக்காலுக்கு மணி. அதற்கு கடலூரில் ஆறு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குள் டிபன், மூன்று பேருக்கு மத்தியானச் சாப்பாடு, மகள் கலைமணிக்கு ஜடை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். விறகு அடுப்பை நம்பினால், நான் ஊதுகுழலோடு இருமிக்கொண்டிருக்கும்போதே பஸ் முதுநகரைத் தாண்டிவிடும். கேஸ் இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் கவர் மறுபடியும் பீரோவுக்குள் போகும்.

இவரோ சிலிண்டரை வீட்டுக்குள் விடவில்லை. வாசல் முருங்கை மரத்தடியில் வைத்து, ஆட்டோ கயிற்றால் மாட்டைக் கட்டுகிற மாதிரி கட்டிப் போட்டார்.

“மாமா, அது உங்கள இன்னா பண்ணுச்சி?” என்றேன்.

“இப்ப ஒண்ணும் பண்ணல.”

“தீக்குழியில எறங்கி நடக்கறீங்க. இதுக்குப் போயி பயப்படறீங்களே.”

“அது வேற செல்வி. அங்க தீ கண்ணுக்கு நேரா இருக்குது. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியும். இது டப்பாக்குள்ள ஒக்காந்துகினு இருக்குது. எப்ப எழுந்திரிக்கும்னு யாருக்குத் தெரியும்? நம்ம சமையகட்டு கீத்துக் கொட்டாய் வேற.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். வீடு ஓடு போட்டது என்றாலும், பின்பக்கம் சமையலுக்கு இறக்கியிருந்த சாய்ப்பு தென்னங்கீற்றால் வேய்ந்தது. சித்திரை வெயிலில் அதைத் தொட்டாலே நொறுங்கும். ஒரு பொறி போதும்.

மூன்று நாள் நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருப்பது இவருக்கு அந்த சிலிண்டரைவிடப் பயம். நாலாம் நாள் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்.

“ஆயுத பூசைக்கு பெண்ணாடத்துலேர்ந்து அக்கா வருது. அதுக்கு இன்னும் கேஸ் வரல. அதுவரைக்கும் இது உள்ள இருக்கட்டும். எனக்கே பயம் போற மாதிரி வீட்ட நீ ரெடி பண்ணிக் காட்டு. பயம் போச்சின்னா இங்கயே இருக்கும். போவலன்னா அக்கா எடுத்துக்கினு போவட்டும்.”

“என் வேலை?”

“வேலைய நான் வேணாம்னு சொல்லலியே.”

சொல்லவில்லைதான். அடுப்பு பெண்ணாடம் போனால் என் வேலை எங்கே போகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு வாரம் இருந்தது. சரி என்றேன்.

பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்த முதல் வாரமே தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் வந்து மைதானத்தில் எல்லாம் செய்து காட்டினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் நோட்டில் ஏழு பக்கம் எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வீட்டைச் சுற்றி வந்தேன். இவரும் கைகட்டிக்கொண்டு பின்னால் வந்தார், என்ன கிழிக்கிறாள் பார்ப்போம் என்கிற முகத்தோடு.

கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று சாய்ந்து கிடந்தது. திறந்தேன். பெட்ரோல்.

“இது இன்னா மாமா?”

“அவசரத்துக்கு வெச்சிருக்கேன். காலங்காத்தால சவாரி வந்தா பங்க்குக்கு ஓட முடியுமா?”

கேஸுக்குப் பயந்த மனிதர் வருஷக்கணக்கில் பெட்ரோலுக்கு மேலே படுத்துக் குறட்டை விட்டிருக்கிறார். கூடவே நானும், என் பிள்ளையும். அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது, தமிழ் டீச்சர் எழுதுகிற தமிழ் இல்லை அது. அந்த நிமிஷமே பாட்டில் ஆட்டோ டேங்கில் காலியானது. அதற்கப்புறம் கைகட்டி நடக்கிற நடை கொஞ்சம் தளர்ந்தது.

பின்கதவு மழைக்கு ஊதிப் போய், தோளால் இடித்தால்தான் திறக்கும். அவரே இழைப்புளி வாங்கி வந்து சீவினார். கதவுக்கு வெளியே பழைய டயர்கள் நாலு வழியை அடைத்துக்கொண்டிருந்தன, அவை போயின. அடுப்புக்கு மேலே கீற்றை மறைக்க ஆள் விட்டுத் தகரம் அடித்தார். தகரம் ஓரத்தில் இரண்டடி குறைந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். மணல் இரண்டு வாளி வேண்டும் என்றேன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சவாரி போனபோது ஒரு மூட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது ஏறிய இரண்டு பேர் அந்த மூட்டைமேல் காலை வைத்துக்கொண்டு வந்தார்களாம்.

சமையல்கட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். தீயணைப்புக்கு 101. வெளியே போனால் ரெகுலேட்டரை மூடு. வாடை அடித்தால் ஸ்விட்சைத் தொடாதே, கதவைத் திற. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் பெயர். மணல் வாளி, கொளஞ்சியப்பன். விசில், கலைமணி. பின்கதவு ஆணியில் ஒரு சணல் சாக்கு தொங்கும், அதை தினமும் காலையில் நனைத்து மாட்ட வேண்டும், பற்றினால் அமுக்கிப் போட. அதற்கு நேராக என் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே எழுதிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒத்திகை. கலைமணி விசில் ஊத வேண்டும், எல்லாரும் கையில் ஒன்றும் எடுக்காமல் தெருமுனை அடிபம்ப்புக்கு வந்து சேர வேண்டும், அவள் தலையை எண்ண வேண்டும். முதல் ஒத்திகையில் கலைமணி கிரேயான் டப்பாவோடு வந்தாள். நான் சர்டிபிகேட் கவரோடு வந்தேன். இவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கிறார்.

“ஏன் மாமா வரல?”

“நான் வெந்துட்டேன்னு எழுதிக்க.”

இரண்டாவது வாரம் வந்தார், ஆனால் ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தோடு. மூன்றாவது வாரம் வெறும் கையோடு வந்து, என்னைவிட முன்னாடி அடிபம்ப்பில் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவினார். பக்கத்து வீட்டு இருசம்மாள் அக்காவுக்கு இது பெரிய பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் வந்து நின்று, “இன்னா டீச்சர், இன்னிக்கித் தீ எத்தினி மணிக்கு?” என்று கேட்பார். நாலாவது வாரம் சும்மா பார்ப்பானேன் என்று ஒரு குடம் தண்ணீரோடு அவரும் ஓடி வந்தார்.

சிரிப்பும் கூத்துமாகப் போனாலும் எனக்கு உள்ளே உதறல் இருந்தது. வேலை எனக்குப் பிடித்துவிட்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னை “தமிழம்மா” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். முதல் சம்பளத்தில் கலைமணிக்குச் செருப்பு வாங்கினேன். காலாண்டுப் பரீட்சை வந்தது, நூற்றுப் பத்து விடைத்தாள் வீட்டுக்கு வந்தது, எதற்கும் நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன். இவரோ பயம் போச்சு என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. நான் சமைக்கும்போது சமையல்கட்டுப் படியிலேயே நின்று பேசுவார். உள்ளே காலை வைக்க மாட்டார்.

ஆயுத பூஜையன்று காலையிலேயே அமராவதி அண்ணி, அதாவது இவர் அக்கா, பெண்ணாடத்திலிருந்து வந்துவிட்டார். கூடவே அவர் வீட்டுக்காரர் பொன்னுரங்கம். அவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார், சாப்பாட்டில் மட்டும் கண்ணாக இருப்பார். அண்ணி பையைத் திறந்து கொய்யாப்பழம் எடுத்தார், எனக்கு ரவிக்கைத் துணி எடுத்தார், கடைசியில் ஒரு கயிறும் பழைய புடவையும் எடுத்தார்.

“சிலிண்டர சுத்தி எடுத்துக்கினு போவத்தான்” என்றார், நல்ல மனசோடு.

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னா முடிவு மாமா?”

“பூசை முடியட்டும் செல்வி.”

சுண்டலை அடுப்பில் வைத்துத் தீயைக் குறைத்துவிட்டு, பாடப் புத்தகங்களை எடுத்துப் பூஜையில் வைத்தேன். அவற்றுக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போது, இது கடைசிப் பொட்டாக இருக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

நான் கூடத்தில் இருந்த நேரத்தில் அண்ணி சமையல்கட்டில் தன் பங்குக்கு வேலை பார்த்திருக்கிறார். தன் வீட்டுக்கு வரப்போகிற பொருள் வெறுமனே இருக்கலாமா? சிலிண்டருக்கு மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் போட்டு, ஆட்டோவுக்கு வாங்கியதில் மிச்சமான சிவப்பு, மஞ்சள் ஜிகினாத் தாளையெல்லாம் தலையிலிருந்து மேலே கூரை வரை தோரணமாக இழுத்துக் கட்டியிருக்கிறார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட எங்கள் ஊரில் அவ்வளவு அலங்காரம் கிடையாது.

ஆட்டோவுக்குப் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினோம். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். தட்டு அண்ணி கைக்குப் போனது. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“அப்பிடியே அடுப்புக்கும் காட்டிட்டு வந்துடறேன்” என்று உள்ளே போனார்.

எனக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. “அண்ணி, நில்லுங்க” என்று ஓடினேன். அதற்குள் அவர் சிலிண்டருக்கு நேராகத் தட்டைச் சுற்றிவிட்டார். ஜிகினாத் தாள் ஒரு நுனியில் பிடித்து, அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாய் ஓரமாகச் சரசரவென்று ஏறியது. அடுப்பில் சுண்டல் கொதிக்கிறது, குழாயில் கேஸ் ஓடுகிறது. மேலே தோரணம் போய் முடிந்த இடம், தகரம் குறைந்த அந்த இரண்டடிக் கீற்று. அண்ணி தட்டைக் கீழே போட்டார். கற்பூரத் துண்டுகள் எரிந்துகொண்டே தரையில் உருண்டன.

எனக்குப் பின்னால் விசில் சத்தம் கேட்டது. கலைமணி அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒத்திகை பார்க்காத பொன்னுரங்கம் அண்ணன் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏழு பக்கம் எழுதியவள், ஆறு வாரம் எல்லாரையும் விரட்டியவள், சந்தனக் கையோடு சமையல்கட்டுப் படியில் நின்றேன்.

இவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். ஆறு வாரமாகப் படியைத் தாண்டாதவர். இடது கை நேராக ரெகுலேட்டருக்குப் போய்த் திருப்பியது. வலது கை பார்க்காமலேயே பின்கதவு ஆணியிலிருந்து சாக்கை உருவியது. சிலிண்டரையும் குழாயையும் சேர்த்து மூடி அமுக்கினார். ஒரு முனையைத் தூக்கித் தோரணத்தைப் பிடித்து இழுத்து அதையும் சாக்குக்குள் சுருட்டினார். காலால் மணல் வாளியைக் கவிழ்த்துக் கற்பூரத்தை மூடினார். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. தீய்ந்த தாள் வாடையும் சாமந்தி வாடையும்தான் மிச்சம்.

“வா” என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். “அணைஞ்சாலும் பம்ப்புக்குப் போவணும்னு நீதான எழுதி வெச்ச.”

அடிபம்ப்பில் கலைமணி எண்ணினாள். அம்மா, அப்பா, அத்தை, மாமா, அப்புறம் குடத்தோடு இருசம்மாள் அக்கா. “டீச்சர், இன்னிக்கி ஞாயித்துக்கெழம இல்லியே” என்றார் அக்கா. என் முகத்தைப் பார்த்துக் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“மாமா, கையில ஒண்ணும் எடுக்கக் கூடாது” என்று கலைமணி பொன்னுரங்கம் அண்ணனைக் கண்டித்தாள். அவர் வடைத் தட்டைப் பார்த்தார், சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார், அப்புறம் ஆளுக்கு ஒரு வடை கொடுத்தார். முதலில் சிரித்தது அண்ணிதான். அழுதுகொண்டே சிரித்தார். அப்புறம் தெருவே நின்று சிரித்தது.

“தம்பி, எனக்கு வேணாம்டா அந்தச் சனியன்” என்றார் அண்ணி. “கேஸுன்னா பயம்னு நீ அன்னிக்கே சொன்ன, நான்தான் கேக்கல.”

இவர் வடையை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “அக்கா, கேஸ் ஒண்ணும் பண்ணல. அது பாட்டுக்குச் சுண்டல் வேக வெச்சிகினு இருந்துச்சி. நீ காட்டுன கற்பூரந்தான் பண்ணுச்சி. உனக்கு வர்றப்போ வரட்டும், செல்வி வந்து உனக்கும் சொல்லிக் குடுக்கும். இது இங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கெழம செல்விக்கு ஸ்கூல் இருக்குது.”

நடுத்தெருவில் அவரைக் கட்டிக்கொள்ள முடியாது. பம்ப்பை அடித்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்தை வேறு எப்படி மறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் இருசம்மாள் அக்கா வீட்டு அடுப்பில் சமைத்தோம். அரை வேக்காட்டுச் சுண்டலைக் கடக்குமுடக்கென்று கடித்துத் தின்றோம். மறுநாள் மெக்கானிக் வந்து, தீய்ந்த குழாயை மாற்றி, சோப்புத் தண்ணீர் போட்டுக் குழாய் இணைப்புகளையெல்லாம் சோதித்து, இனி பற்ற வைக்கலாம் என்று சொன்னார்.

ஆயுத பூஜை சாயங்காலம், அவர்கள் பஸ் ஏறிய பிறகு, சமையல்கட்டைக் கூட்டப் போனேன். சாக்கு தரையில் கிடந்தது. எடுத்துப் பிழிந்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் இறங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலாண்டுப் பரீட்சை தொடங்கியதிலிருந்து நான் அந்தச் சாக்கைத் தொடவே இல்லை. விடைத்தாள், பஸ், ஜடை என்று ஓடியதில் அது ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. மூன்று வாரம். காய்ந்த சணல் சாக்கை எரிகிற தாளின் மேல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சுவரில் என் பெயர் பெரிய எழுத்தில் என்னைப் பார்த்தது.

வாசலுக்குப் போனேன். இவர் ஆட்டோவின் வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, சாக்க யாரு நனச்சது?”

நிமிராமலேயே சொன்னார். “நீ மறந்துட்ட.”

“எத்தினி நாளா ஊத்தறீங்க?”

“பரீச்ச ஆரம்பிச்ச மறுநாளுலேர்ந்து. தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்துச்சி. காலையில மொத சவாரிக்குப் போறப்போ ரெண்டு சொம்பு ஊத்திட்டுப் போவேன்.”

“தொட்டுப் பாத்தீங்களா? நீங்கதான் உள்ளயே வர மாட்டீங்களே.”

“பின்பக்கமா வந்து கதவத் தொறந்து கைய மட்டும் நீட்டுவேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல.”

“நீயே காலங்காத்தால ஓடிகினு இருக்கற. இதையும் சொல்லி உன்ன எதுக்கு ஓட்டணும்? எனக்குத்தான பயம் ஜாஸ்தி. பயப்படறவன் மறப்பானா?”

அடுப்பு பெண்ணாடத்துக்குப் போகட்டும் என்று இவர் நினைத்திருந்தால், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே போதும். என் தவறைச் சுட்டிக் காட்டியிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பார். அதை விட்டுவிட்டு, கதவிடுக்கில் கையை நீட்டி, தான் பயந்த அந்த அடுப்பை எனக்காகக் காபந்து பண்ணியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை மறைக்கவில்லை. உள்ளே போய்ச் சாக்குக்கு நேராக இருந்த என் பெயரை அழித்து அவர் பெயரை எழுதினேன். அதற்கும் கொஞ்சம் பெரிய எழுத்துதான்.

வெள்ளிக்கிழமை காலையில் கண் விழித்தபோது டீத்தூள் வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். இவர் சமையல்கட்டுக்குள் நின்றிருந்தார். ஒரு பக்கம் டீ கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் என் இட்லிப் பானைக்காக அடுத்த பர்னரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார், தீபாவளி வெடிக்குத் திரி கொளுத்துகிற மாதிரி கையை முழுசாக நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. இன்னொரு கையில் சாக்கு. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக, ஒன்பது வருஷம் தீ மிதித்த அந்தக் காலில் விழுந்துகொண்டிருந்தது.

ஆறு நாற்பது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடமே கிடைத்தது.